150ஆ 180ஆன்னு கேக்குறதுக்கு முன்னாடி

பெரிய மிருக வேட்டைக்குன்னு புதுசா ரைபிள் வாங்குறவங்க எடுத்த எடுப்புல கேக்குறது "150 கிரெய்ன் எடுக்கவா, 180 எடுக்கவா"ன்னுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அது ரெண்டாவதா கேக்கணும். அந்த புல்லட்ட எப்படி செஞ்சிருக்காங்க, மிருகத்து மேல படுற நேரத்துல என்ன வேகத்துல இருக்கும், உள்ள போனதும் என்ன ஆகும், இதத்தான் முதல்ல பாக்கணும்.

கிரெய்ன்னா உள்ள இருக்குற வெடிமருந்தோட அளவுன்னு நெனைக்கிறவங்க இன்னமும் இருக்காங்க, அதனால சொல்லிடுறேன், தோட்டா பாக்ஸ் மேல போட்டிருக்குறது புல்லட்டோட எடை, அதாவது தோட்டா முனையிலேர்ந்து பறந்து போற குண்டோட எடை. 7000 கிரெய்ன் சேந்தா ஒரு பவுண்டு, 180 கிரெய்ன்னா சுமார் 11.7 கிராம்.

.30-06ங்கற பிரபலமான வேட்டைத் தோட்டாவ எடுத்துக்கோங்க. சாதாரண ஃபேக்டரி தோட்டால 150 கிரெய்ன் புல்லட் நொடிக்கு 2900 அடி வேகத்துல கெளம்பும், 180 கிரெய்ன் 2700 அடியில கெளம்பும். எனர்ஜி கணக்கு போட்டா 2800 ஃபுட் பவுண்டு, 2900 ஃபுட் பவுண்டு, பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல. 200 யார்டுல ஜீரோ பண்ணி, அதாவது அந்தத் தூரத்துல குறி வச்ச எடத்துலயே குண்டு படுற மாதிரி சரிபண்ணி, 300 யார்டுல சுட்டா எது எவ்வளவு கீழ எறங்குதுன்னு பாத்தாலும் ஒண்ணு ரெண்டு இன்ச்தான் வித்தியாசம் வரும். அப்ப எடை எங்க வேலை செய்யுதுன்னா, உள்ள எவ்வளவு ஆழம் போகுதுங்கறதுல. அதுக்கு செக்ஷனல் டென்சிட்டின்னு ஒரு கணக்கு இருக்கு, பவுண்டுல எடைய எடுத்து, இன்ச்ல இருக்குற புல்லட் விட்டத்தோட வர்க்கத்தால வகுக்கணும். .30 காலிபர் (காலிபர்னா புல்லட்டோட விட்டம்) 150க்கு 0.226 வரும், 180க்கு 0.271. 6.5 மில்லிமீட்டர்ல வெறும் 140 கிரெய்னுக்கே 0.287 வந்துடுது, ஒல்லியா நீளமா இருக்குறதாலதான் அந்த சின்ன புல்லட் அவ்வளவு ஆழம் போகுது.

ஆனா இந்த நம்பர மட்டும் நம்பிடாதீங்க, ஏன்னா அது புல்லட் உருமாறாம இருக்கும்போது எடுத்த கணக்கு. மிருகத்துல பட்டதும் முனை காளான் மாதிரி விரியும், சில சமயம் பாதி எடை துண்டு துண்டா பிச்சுக்கிட்டு போயிடும், அதுக்கப்புறம் 180 கிரெய்ன் 180ஆ இருக்காது. ஜான் நோஸ்லர்ங்கற அமெரிக்க வேட்டைக்காரர் 1946ல கனடாவுல ஒரு மூஸ (மான் இனத்துலயே பெருசு) சுட்டப்போ இதுதான் நடந்துச்சு, கையில .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் (மேக்னம்னா கூடுதல் மருந்து புடிக்கிற, வேகமான தோட்டா), குண்டெல்லாம் மேலோட்டமாவே சிதறிப் போச்சு, ஆழம் போகல. அதுக்கப்புறம்தான் அவரு நடுவுல ஒரு செம்புத் தடுப்பு வச்சு, முன்பாதி விரிஞ்சாலும் பின்பாதி உடையாம உள்ள போற மாதிரி பார்ட்டிஷன் புல்லட்ட உருவாக்குனாரு. அவர் கையில இருந்தது பலமான ரைபிள்தான், குறை முழுக்க புல்லட்ல.

இங்க நிறைய பேர் கோட்ட விடுறது ஒண்ணு இருக்கு. மெத்துன்னு இருக்குற ஈய புல்லட் கிட்டத்துலதான் தோக்கும். மேக்னம்ல போட்டு 50 யார்டுல எல்க்ங்கற பெரிய மானோட தோள் எலும்புல அடிச்சா வேகம் தாங்காம அங்கயே பொடியாயிடும், நுரையீரல் வரைக்கும் போறது சந்தேகம். கெட்டியான புல்லட் அதுக்கு நேர் எதிர், அது தூரத்துல தோக்கும், வேகம் கொறஞ்சு போயி விரியாம ஊசி குத்துன ஓட்டையோட வெளிய போயிடும். பெரும்பாலான ஈய புல்லட் விரிய நொடிக்கு 1800 அடி வாக்குல வேகம் வேணும், முழு செம்பு புல்லட் பலதுக்கு 2000 பக்கத்துல வேணும்னு வச்சுக்கலாம். நீங்க சுடப்போற தூரத்துல உங்க தோட்டாவோட வேகம் என்னன்னு அந்த பாக்ஸ்லயோ கம்பெனி டேபிள்லயோ ஒரு தடவ பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ஃபுல் மெட்டல் ஜாக்கெட், அதாவது முனையும் சேத்து உலோக உறை மூடுன புல்லட்ட மட்டும் மான், எல்க், மூஸ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது விரியாது, அந்த ஜீவன் ரொம்ப தூரம் ஓடி எங்கயோ வதைபட்டு சாகும். பல எடத்துல சட்டமே அத தடுக்குது. சுடுறோம்னா அது சீக்கிரம் சாகணும், அந்தப் பொறுப்பு முழுக்க சுடுறவனோடதுதான்.

ஸ்வீடன்ல மூஸுக்கு சட்டமே எடையையும் எனர்ஜியையும் சேத்துத்தான் பாக்குது, புல்லட் 10 கிராம் இருந்தா 100 மீட்டர்ல 2000 ஜூல் போதும், 9 கிராமுக்கு மேல 10க்குள்ளன்னா 2700 ஜூல் வேணும். அதனாலதான் அங்க 6.5x55ங்கற தோட்டால 156 கிரெய்ன் அவ்வளவு ஓடுது, சரியா 10 கிராம தாண்டுது. பாரமான புல்லட்டுக்கு மெதுவான வேகம் போதும்னு ஒரு நாடே எழுதி வச்சிருக்குறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

அப்ப என்னதான் எடுக்குறது? மான் அளவு மிருகம்னா .308லயோ .30-06லயோ 150, சாதாரண சாஃப்ட் பாயிண்ட்டே (முனையில ஈயம் வெளிய தெரியுற வகை) தாராளம். எல்க், மூஸ்னா 165லேர்ந்து 180, கட்டாயம் பாண்டட் (ஈயத்தையும் மேலுறையையும் சேத்து ஒட்டுனது) இல்லேன்னா பார்ட்டிஷன் வகை. செம்பு புல்லட் போடுறீங்கன்னா ஒரு படி எடைய கொறைச்சுக்கலாம், எடை அப்படியே நிக்கிறதால 150 கிரெய்ன் செம்பு 180 ஈயத்தோட வேலைய செய்யும். செம்பு ஈயத்த விட எடை கம்மியான உலோகம், அதனால அதே எடைக்கு புல்லட் நீளமாயிடும், உங்க பேரலோட ட்விஸ்ட், அதாவது உள்ள இருக்குற முறுக்கு வரி, அத நிலையா சுத்த வைக்குமான்னு பாக்கணும். கலிஃபோர்னியால 2019 ஜூலைலேர்ந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, கான்டார்ங்கற பெரிய பிணந்தின்னிக் கழுகுங்க மிச்ச மாமிசத்துல இருக்குற ஈயத் துகள தின்னு சாகுறதுதான் முக்கிய காரணம், அந்தப் பக்கம் போறவங்களுக்கு வேற வழியும் இல்ல.

உதைய மறந்துடாதீங்க. 180 கிரெய்ன் தோள்ல பலமா இடிக்கும், அதுக்கு பயந்து ட்ரிக்கர இழுக்கும்போது கண்ண மூடுறவர் 150 கிரெய்ன்ல நெஞ்சுக்கூட்ட சரியா அடிச்சாருன்னா அதுதான் அவருக்கு சரியான எடை. ரெண்டு மூணு வகை பாக்ஸ் வாங்கி உங்க ரைபிள்ல பேப்பர்ல சுட்டுப் பாருங்க, ஒவ்வொரு பேரலும் ஒவ்வொண்ண விரும்பும். எந்த வகையோட குண்டுங்க பேப்பர்ல நல்லா கூடி விழுதோ அதையே, அதே லாட் நம்பர்ல (ஒரே தடவையில தயாரிச்ச சரக்கு) சீசனுக்கு வேண்டியத மொத்தமா வாங்கிடுங்க, அடுத்த லாட் வாங்குனா திரும்ப ஜீரோ பாத்துட்டுத்தான் காட்டுக்குள்ள போகணும்.