செலோடேப்

மூணு மாசம் ஆச்சு, இன்னும் அந்த பொண்ணு கேட்ட கேள்வி மனச விட்டுப் போகல. ஏன்னா நான் சொன்ன பதில் சரியான பதில்தான், அதுலதான் பிரச்சினையே.

பினாங்குல எங்க மியூசியத்துல கலெக்‌ஷன் பாத்துக்க ஒரு அசிஸ்டெண்ட் தேவப்பட்டுச்சு, இண்டர்வியூக்கு நாலு பேர் வந்தாங்க. பாஸ் என்னையும் கூட உக்கார சொன்னாரு. மூணு பேருக்கு எங்கயாவது ஒரு இண்டெர்ன்ஷிப் இருந்துச்சு. நாலாவதா வந்தவளுக்கு வரலாறு டிகிரி மட்டும்தான், ஃபாரத்துல 'அனுபவம்'ங்குற எடத்துல ஒரு கோடு போட்டு விட்டிருந்தா. சுங்கைப்பட்டாணிலேர்ந்து காலைல கொமுட்டர் ரயில் ஏறி, பட்டர்வொர்த்துல எறங்கி, ஃபெரி புடிச்சு வந்திருக்கா. உக்காந்த ஒடனே பையிலேர்ந்து ஒரு துணிப் பொட்டலத்த எடுத்து மேசைல பிரிச்சா. அவ பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன கத்தி, பால் புடிக்கிற மங்கு ரெண்டு, அதோட ஒரு பள்ளிக்கூட நோட்டு.

நோட்டுல ஸ்கேல் வெச்சு கோடு போட்டிருந்தா. நம்பர், பொருள், அளவு, எந்த தோட்டம், எந்த வருசம். கடைசி கட்டத்துக்கு 'பாட்டி சொன்னது'ன்னு தலைப்பு. கத்திக்கு நேரா எழுதியிருந்தத நான் அப்படியே மனசுல வெச்சிருக்கேன்: 'பிடி ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு, பாட்டிக்கு எடது கைதான் வாகு.' மங்குக்கு நேரா, 'மழை பேஞ்சா பாலோட தண்ணி கலந்துரும், அன்னிக்கு வெட்டுன வெட்டு வீணு.' இத படிச்சதும் எனக்கு தொண்ட அடச்சுது, எங்க அம்மாச்சியும் தோட்டத்து லயத்து வீட்டுலேர்ந்து வந்தவங்கதான். ஆனா என் வாயிலேர்ந்து வந்தது வேற. கத்தி மேல நம்பர் ஒட்டியிருந்தது கண்ணுல பட்டுச்சு.

"இத எதுல ஒட்டுனீங்க?"

"செலோடேப்புல, மேடம்."

"செலோடேப் ஒட்டவே கூடாது, பச மஞ்சளாயி இரும்புல எறங்கிரும், அழுக்க இழுக்கும், அப்புறம் எடுக்குறது பெரிய பாடு. இந்த வேலைல மொத பாடமே அதுதான்."

அவ மெதுவா கத்திய துணியில சுத்திட்டா. "யாரும் சொல்லித் தரல மேடம். எங்க போயி கத்துக்கிட்டு வந்தா எடுப்பீங்க?"

நான் சொன்னேன், எங்கயாவது ஆறு மாசம் வாலண்டியரா செஞ்சுட்டு வாங்கன்னு.

"சம்பளம் இல்லாம ஆறு மாசம் வீட்டுல தாங்காது மேடம்." கொறையா சொல்லல, கணக்கு சொல்ற மாதிரி சொன்னா.

பாஸ் அன்னிக்கு சாயங்காலம் "உனக்கு யாரு சரின்னு படுது?"ன்னு கேட்டாரு. இண்டெர்ன்ஷிப் செஞ்ச ஒருத்தர சொன்னேன். அவரு இப்ப நல்லாத்தான் வேல செய்றாரு, அதுல எந்த கொறையும் இல்ல.

என் பக்க நியாயமும் இருக்கு. ஸ்டோர்ல நாங்க மொத்தமே ரெண்டு பேரு. பினாங்கு காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்த சர்வசாதாரணமா தாண்டும், உள்ள 55 பக்கத்துல நிறுத்தி வெக்கணும், டிஹியூமிடிஃபையர் நின்னு போச்சுன்னா பழைய தோல், பேப்பர் எல்லாம் சட்டுனு பூஞ்ச புடிச்சிரும். ஒரு பொருளுக்கு நம்பர் போடறதுன்னா கூட மொதல்ல பாரலாய்டு பி-72ன்னு ஒரு தெளிவான பிசின், அதுல ஒரு கோட்டிங், அது காஞ்சதும் மேல மையில நம்பர், அதுக்கு மேல இன்னொரு கோட்டிங், வேணும்னா நாளைக்கு பொருளுக்கு ஒண்ணும் ஆகாம அழிக்கிற மாதிரி. மக்கள் அவங்க வீட்டு பொருள நம்பி குடுக்குறாங்க. சொல்லிக் குடுத்துக்கிட்டே செய்ய எங்களுக்கு ஆள் எங்க, நேரம் எங்க? அரசாங்க மியூசியம்னா டிகிரிய வெச்சு, அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்குற எஸ்பிஏ-ல பதிஞ்சு வெக்கலாம், ஆனா காலியிடம் எப்ப வரும்னு வருசக்கணக்கா காத்துக் கெடக்கணும். 2008-ல ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த பிறகு தனியார் மியூசியங்க நெறைய வந்துச்சு, அங்கயும் அதிகமா கெடைக்கிறது டிக்கெட் கவுண்டரும் கைட் வேலையும்தான். ஸ்டோருக்குள்ள போற கதவு ரொம்ப சின்னது. அத நான் சின்னதாக்கல.

இப்படி சொல்லிட்டு ராத்திரி படுத்தா தூக்கம் வரல, ஏன்னா நான் எப்படி அந்த கதவுல நொழஞ்சேன்னு எனக்குத் தெரியும். எட்டு மாசம் சம்பளம் இல்லாம வேல செஞ்சேன், ஜெலுத்தோங்ல மாமா வீட்டுல தங்கி. அத்த காலைல எனக்கு டிபன் கட்டிக் குடுப்பாங்க, பஸ் காசு மாமா மேசைல வெச்சிட்டு போவாரு, ஒரு நாள் கூட கணக்கு கேக்கல. அந்த எட்டு மாசத்தத்தான் நான் என் ரெசூமேல 'அனுபவம்'னு எழுதுனேன். எழுதுனது பொய் இல்ல. ஆனா அதுல பாதி அத்தையோட சாப்பாடு.

இன்னொண்ணும் இருக்கு. நான் சேந்த ரெண்டாவது வாரம், ஒரு தோட்டத்து பெரட்டுக் களம், அதான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஆளுங்கள நிக்க வெச்சு பேர் கூப்புடுற எடம், அதோட போட்டோ, கருப்பு வெள்ள, அதுக்குப் பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால நம்பர் எழுதிட்டேன், அழுத்தி. போட்டோவ வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா முன்பக்கம் நிக்கிற ஒரு அம்மா நெத்தியில அந்த நம்பர் புடச்சுக்கிட்டு தெரியும். அது போகவே போகாது. அப்ப இருந்த சீனியர் பாத்தாரு, ஒண்ணும் பேசல, டிராயர்லேர்ந்து ஒரு 2பி பென்சில எடுத்து என் கையில குடுத்துட்டு அவரு வேலைய பாக்க போயிட்டாரு. அவ செலோடேப்ப எடுத்துரலாம். நான் செஞ்சத எடுக்க முடியாது. அப்படியிருந்தும் எனக்கு பென்சில் கெடச்சுது, அவளுக்கு என்கிட்ட கெடச்சது 'மொத பாடம்'.

இதுக்கு என்ன செய்யலாம்னு பாஸ்கிட்ட ஒரு தடவ பேசுனேன், மூணு மாசம் அலவன்ஸ் குடுத்து ஒரு ஆள பழக்கலாமேன்னு. பட்ஜெட் பாக்கலாம்னாரு. நானும் திரும்ப கேக்கல. கேட்டிருக்கணும். கேட்டாலும் அந்த எடம் இவளுக்குத்தான் போகும்னு என்ன நிச்சயம், அப்படின்னு ஒரு மனசு சொல்லுது, அந்த மனச நான் இப்பல்லாம் நம்பறதில்ல.

போன வாரம் வாட்ஸப்புல மெசேஜ் வந்துச்சு, அன்னிக்கு குடுத்த கார்டுலேர்ந்து நம்பர் எடுத்திருக்கா. 'மேடம், செலோடேப் பசைய எப்படி எடுக்குறது?' வேலயப் பத்தி ஒரு வார்த்த இல்ல. நான் வாய்ஸ்ல சொன்னேன்: பஞ்சுக் குச்சியில கொஞ்சமா அசிடோன் தொட்டு, இரும்புல மட்டும், மொதல்ல ஓரத்துல ஒரு புள்ளி வெச்சுப் பாரு, பெயிண்டோ எழுத்தோ இருந்தா தொடாத, மரப் பிடி பக்கம் போகவே கூடாது, ஜன்னல தொறந்து வெச்சுக்க, நம்பர சின்ன அட்டையில பென்சிலால எழுதி பருத்தி நூல்ல கட்டு. அக்கான்னே கூப்புடுன்னும் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு போட்டோ அனுப்புனா. கத்தி சுத்தமா இருக்கு, பிடியில வெள்ள நூல், பென்சில் எழுத்து. 'சரியாக்கா?'ன்னு கேட்டிருந்தா. சரின்னு சொன்னேன். அந்த பெரட்டுக் களம் போட்டோ கதைய மட்டும் ரெண்டு தடவ டைப் பண்ணி ரெண்டு தடவயும் அழிச்சிட்டேன்.