நிற்காத ஆர்சிசிபி: நீலாங்கரை சைட்டில் பட்டது

கிரகப்பிரவேசத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் கீழ்த்தள ஆர்சிசிபி (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பை வெட்டும் சுவிட்ச்) விழ, அதாவது தானாக ஆஃப் ஆக, ஆரம்பித்தது. நீலாங்கரைப் பக்கம் தரைத்தளமும் மாடியுமாக ஒரு தனி வீடு. த்ரீ ஃபேஸ், தளத்துக்கு ஒரு டிபி (பிரேக்கர்கள் இருக்கும் விநியோகப் பெட்டி), ஒவ்வொன்றிலும் 40 ஆம்பியர் தாங்கும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் நான்கு போல் ஆர்சிசிபி. அதுவரை பெயின்டர், கார்பென்டர் எல்லாருக்கும் டெம்பரரி போர்டிலிருந்தே கரண்ட் கொடுத்து ஓட்டிவிட்டோம். டிபி வழியாக ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. தப்பு எங்களுடையதுதான்.

விழுந்த விதம் ஆளைச் சுற்றவிட்டது. ஹாலில் ஒரு எல்இடி பல்பு போட்டால் விழாமல் நிற்கும். அயர்ன் பாக்ஸ் சொருகினால் அந்த நொடியே விழும். அயர்ன் பாக்ஸில்தான் லீக்கேஜ் என்று வேறொன்று கொண்டுவந்தோம்; அதற்கும் விழுந்தது. ஆர்சிசிபியே மட்டம் என்று புதுசு மாட்டினோம், அதுவும் விழுந்தது. மாட்டிக் கழற்றியதைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை, காசு போனது போனதுதான்.

நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ தொட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான் வரும். திரும்பிப் போகும் கரண்டில் ஒரு சிறு பங்கு எர்த் பக்கம் நழுவும். 9 வாட் எல்இடி இழுப்பதே ஐம்பது, அறுபது மில்லி ஆம்பியர். அதில் நழுவுவது ஆர்சிசிபிக்கு உறைக்காது. ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நூற்றில் ஒரு பங்கு நழுவினாலே 40 மில்லி ஆம்பியர். இதில் இன்னொரு வம்பு: பழுது அந்த பிளக் பாயின்ட் சர்க்யூட்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சர்க்யூட்டுக்கு ஒன்றாக இருக்கும் சிறு பிரேக்கரான சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் ஒயர் லிங்கிலேயே (எல்லா நியூட்ரலும் சேரும் பட்டை) இருக்கும். அதனால் எம்சிபியை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து தேடினால் அகப்படாது. நாங்கள் அரை நாள் அப்படித்தான் தேடினோம்.

வழி ஒன்றுதான். மெயினை இறக்கிவிட்டு, நியூட்ரல் லிங்கிலிருந்து எல்லா ஒயரையும் கழற்றி, நம்பர் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் எர்த்தோடு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பார்க்க வேண்டும். அதற்கு முன் எல்இடி டிரைவர், டிம்மர், இன்வெர்ட்டர், காலிங் பெல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்; 500 வோல்ட்டில் டிரைவர் போனால் அதற்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும்; புது ஒயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும். பதினொரு சர்க்யூட்டில் பத்து நன்றாக இருந்தன. பூஜை ரூம் லைட் சர்க்யூட்டில் முள் நேரே பூஜ்ஜியத்துக்குப் போய் உட்கார்ந்தது.

ஃபால்ஸ் சீலிங்குக்காகச் சுவரோரம் ஆங்கிள் அடித்திருந்தார்கள். அதில் ஒரு ஸ்க்ரூ, சுவிட்ச் போர்டுக்கு இறங்கும் கன்ட்யூட் பைப்பைத் துளைத்து, கருப்பு ஒயரையும் (நியூட்ரல்) பச்சை ஒயரையும் (எர்த்) சேர்த்துத் தைத்திருந்தது. ஃபேஸில் பட்டிருந்தால் டிபியைப் போட்டதுமே எம்சிபி சொல்லியிருக்கும். ஒயரை உருவ மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறக்க வேண்டும். அதுவோ சீலிங்குக்குள், கை விட வழியே இல்லை. "அண்ணே, இப்பத்தான் ரெண்டாவது கோட் முடிச்சேன்" என்று பெயின்டர் ரோலரைக் கீழே போட்டார். ஓரடிக்கு ஓரடி வெட்டினோம்.

பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், அளவு டேப்பை விரித்து வைத்து, போட்டோ எடுத்துவிடுங்கள். அதை சீலிங்காரருக்கும் அனுப்புங்கள், நம் போனிலேயே கிடந்தால் பிரயோஜனமில்லை. மெக்கரை ஒயர் இழுத்ததும் ஒரு தடவை, சீலிங் மூடியதும் பட்டி பார்ப்பதற்கு முன் இன்னொரு தடவை போட வேண்டும். அந்த இரண்டாவது தடவையைத்தான் நாங்கள் விட்டோம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், மாடிப்படி லைட்டைப் போட்டதும் மேலே, கீழே இரண்டு ஆர்சிசிபியும் ஒன்றாக விழுந்தன. இரண்டும் சேர்ந்து விழுந்தால் லீக்கேஜைத் தேடாதீர்கள். நியூட்ரல் மாறியிருக்கிறது என்று அர்த்தம். டூ வே சுவிட்சுக்கு ஃபேஸ் கீழ் டிபியிலிருந்து, பல்புக்கு நியூட்ரல் மாடி டிபியிலிருந்து, கிட்டத்தில் எது கிடைத்ததோ அது. இன்வெர்ட்டரிலும் அதே கதை. இன்புட் கீழ் டிபியில். மாடி ஃபேன், லைட்டின் நியூட்ரல் மட்டும் மாடி லிங்கில். இன்வெர்ட்டர் சர்க்யூட்டுகளுக்கென்று தனி நியூட்ரல் ஒயர் இழுத்து, தனி லிங்க் வைத்தபிறகுதான் அடங்கியது. ஆர்சிசிபி இல்லாத பழைய வீடுகளில் கை பழகிய வயர்மேன்கள் இதைத் தப்பாகவே நினைப்பதில்லை. அங்கே எந்த நியூட்ரலில் போட்டாலும் பல்பு எரியும்.

எர்த் குழி: கடற்கரை மணல், வெயில் காலம், முதல் ரீடிங் 14 ஓம்; இது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு குழி இருந்தும் பலனில்லை; இடம் இல்லையென்று ஒரு மீட்டர் இடைவெளியில் தோண்டியிருந்தார்கள். இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும். 2.5 மீட்டர் பைப் என்றால் குறைந்தது அதே அளவு தள்ளியாவது அடுத்தது இருக்க வேண்டும். பின்பக்கம் மூன்றாவதாக ஒன்று போட்டு இணைத்ததும் 5-க்குக் கீழே வந்தது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கிளாம்பில் தாமிர ஒயரை நேராக முறுக்கிக் கட்டியிருந்ததையும் மாற்றினோம். உப்புக் காற்றில் அந்த இடம்தான் முதலில் அரிக்கும். ஒயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக் போட்டு, போல்ட்டின் மேல் கிரீஸ் தடவுங்கள்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை நம்பி எர்த்துக்குச் சான்று கொடுக்காதீர்கள். பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை. எர்த் ஒயர் அறுந்து கிடந்தாலும் அழகாக விழும். பிளக் பாயின்ட் ஒவ்வொன்றிலும் எர்த்தையும் காட்டும் சாக்கெட் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

இபி பக்கம் ஒரு நடைதான் வீண், அதுவும் எங்களால். விண்ணப்பத்தில் 10 கிலோவாட், டெஸ்ட் ரிப்போர்ட்டில் 9. பத்திரத்தில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால். போடும் முன் நாலு காகிதத்தையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். டெம்பரரி இணைப்பிலிருந்து வீட்டு இணைப்புக்கு மாறாதவரை கட்டணம் அதிகம், வீட்டு இணைப்புக்கான இலவச யூனிட்டும் கிடையாது. மற்றபடி பணம் கட்டினோம், மீட்டர் வந்தது.

மீட்டர் வந்த அன்று மெயினைப் போட்டவுடன் வீட்டை ஒப்படைக்காதீர்கள். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஆர் ஃபேஸில் மட்டும் கீசரைப் போட்டோம். ஆர் 190 வோல்ட்டுக்கு இறங்கியது, ஒய் 250-ஐத் தாண்டி ஏறியது. உடனே இறக்கிவிட்டுப் பார்த்தால், நாங்கள் போட்ட மெயின் சுவிட்சில் நியூட்ரல் ஸ்க்ரூ பாதிதான் இறுகியிருந்தது. லோடு இல்லாமல் பார்த்தபோது மூன்றும் 230 காட்டிய அதே இடம். அப்படியே விட்டிருந்தால் ஃபிரிட்ஜ், டிவி வந்த முதல் வாரத்திலேயே புகைந்திருக்கும். ஒயர் முனையைத் திரும்ப உரித்து, லக் போட்டு இறுக்கி, கீசரோடு மறுபடி அளந்தோம்: 228, 231, 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றரை வோல்ட். டெம்பரரி போர்டை அதற்குப் பிறகுதான் கழற்றினோம்.