கரவாஜியோவைப் பார்த்து வரைகிறேன்: மூன்றாவது வாரம், இன்னும் அந்தக் கை வரவில்லை

இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1603–04 வாக்கில் ரோமின் கியேசா நுவோவா தேவாலயத்துக்காக வரைந்த ‘கிறிஸ்துவின் அடக்கம்’ படத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். அசல் இப்போது வாத்திக்கானில் இருக்கிறது, சுமார் 3 மீட்டர் உயரம். என் கேன்வாஸ் 24 அங்குலம், என் மேசைக்கு அதுவே பெரிசு.

முதல் வாரம் வீண். வெள்ளைக் கேன்வாஸில் பென்சில் கோடு போட்டு, பின்னணிக்குக் கறுப்பை டியூபிலிருந்து அப்படியே எடுத்துப் பூசினேன். இருட்டு வரவில்லை, தார் பூசிய சுவர்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, படத்துக்கு முன் கேன்வாஸில் அவர் பூசும் அடிப்பூச்சே இருண்டது, இருட்டு முதலிலேயே அங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை மெல்லிசாகத் தடவி, காய்வதற்குள் பழைய பனியன் துணியால் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் துடைத்தெடுத்தேன். பத்தே நிமிடத்தில் உடல் தெரிந்தது.

தோலுக்கு வெறும் டைட்டானியம் வெள்ளை போட்டது அடுத்த தப்பு, சுண்ணாம்பு பொம்மை மாதிரி ஆகிவிட்டது. யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளைக் கொஞ்சம் சேர்த்ததும் சரியானது.

முகங்களில் நான்கு சாயங்காலம் போயிற்று. அழுகிற முகம் சரியாக வந்தால் படமே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மகதலேனா மரியாள் தலை குனிந்து நிற்கிறாள், முகத்தில் பாதி நிழல். வாய்விட்டுக் கதறுவது போல் கையைத் தூக்கியிருப்பவள் பின்னால் நிற்கும் இன்னொரு மரியாள் மட்டுமே. துக்கம் முழுக்கக் கனத்தில் இருக்கிறது: கிறிஸ்துவின் முழங்காலைக் கட்டிப் பிடித்துக் குனிந்திருக்கும் நிக்கொதேமு, நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் மூலை, தொங்கும் கிறிஸ்துவின் வலது கை. உடலைத் தாங்கும் சீடர் யோவானின் விரல்கள் அவரை அறியாமலே விலாக் காயத்தில் பட்டிருக்கின்றன. நான் அதை நிழல் என்று நினைத்து ஒருமுறை பூசியே மறைத்துவிட்டேன்!

தொங்கும் கைதான் இன்னும் படுத்துகிறது. கனமாகத் தொங்காமல் மிதக்கிறது. நேற்று ராத்திரி விளக்கை அணைத்து, மொபைல் டார்ச்சை இடது பக்கம் மேலே வைத்து, கட்டிலிலிருந்து என் கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் நரம்பு புடைத்தது, அவர் படத்தில் இருப்பது போலவே. இறந்தவர் கையில் ஏன் இப்படி என்று யோசித்திருந்தேன். யாரோ ஒரு மாடல் இப்படிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்திருப்பார், வேறென்ன.

போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். முழங்கையில் பூசிய வண்ணம் காய இன்னும் நான்கு நாள் ஆகும், அதுவரை கல்லின் மூலை.