உப்பா மஞ்சளா என்று பார்த்துவிட்டுத் துடை

நான் கெடுத்த முதல் லென்ஸ் ஒரு 85 எம்எம். வடபழனியில் கேமரா வாடகைக்கு விடும் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. தனுஷ்கோடியில் ப்ரீ-வெட்டிங் ஷூட் முடித்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிய பையன் ஒருவன், பையைக் கவுண்டரில் வைத்து, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு போய்விட்டான். அடுத்த பார்ட்டி பத்து மணிக்கு அதே லென்ஸுக்கு வருகிறார்கள். எடுத்துப் பார்த்தால் முன்கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம். வாயால் ஓர் ஊது ஊதிவிட்டு, பாக்கெட்டில் கிடந்த மைக்ரோஃபைபர் துணியை எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்தேன். படலம் போகாமல் இழுபட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். போய்விட்டது. கண்ணாடி பளபளவென்று இருந்தது, எனக்கும் திருப்தி.

அண்ணன் வந்தார். கடை முதலாளியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். லென்ஸை வாங்கி, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது: கண்ணாடி முழுக்க முடி மாதிரி மெல்லிய கோடுகள், என் கை சுற்றிய அதே வட்டத்தில்.

அவர் சத்தம் போடவில்லை. "துடைக்கிறதுக்கு முன்னாடி என்ன அழுக்குன்னு பாத்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. "உப்பும் மணலும். மணலு கண்ணாடிய விட கெட்டி. நீ துடைக்கல, சாணை புடிச்சிருக்க. இந்த மாசம் பூரா நீ எதையும் துடைக்க வேணாம். வர்ற ஒவ்வொரு லென்ஸையும் டார்ச் அடிச்சுப் பாத்து, என்ன ஒட்டியிருக்குன்னு நோட்டுல எழுது. துடைக்கிறத நான் பாத்துக்குறேன்" என்றார்.

அந்த ஒரு மாதம் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இன்று பதினோரு வருடம் கழித்துச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதிக்கு மேல் அந்த மாதத்தில் கற்றதுதான். எங்களுக்கு வரும் லென்ஸ்களில் அழுக்கால் கெட்டதை விட, அழுக்கை எடுக்கிற அவசரத்தில் கெட்டதுதான் அதிகம். தூசி ஒரு வருடம் கண்ணாடி மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் கீறாது. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அகப்பட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும், கீறிவிடும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை, ஆறு. கத்தியை வெண்ணெயில் இழுப்பது போல இல்லாவிட்டாலும், கீறுவதற்கு அந்த வித்தியாசம் தாராளம்.

நோட்டில் எழுத எழுதத்தான் அழுக்கு என்பது ஒரே பொருள் இல்லை என்று புரிந்தது. கடற்கரையிலிருந்து வருவது உப்பு. மாமல்லபுரம், தனுஷ்கோடி என்று எழுதி வாங்கிப்போன எல்லா லென்ஸிலும் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு இருக்கும், டார்ச்சில் பார்த்தால் காய்ந்த துளியின் விளிம்பு வட்டமாகத் தெரியும். உப்பு ஸ்பிரிட்டில் கரையாது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸ் கிளீனராக இருந்தாலும் அது ஆல்கஹால் மட்டுமே என்றால், உப்புக் கல்லை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். டிஷ்யூவில் லேசாக ஈரம் காட்டி, பொட்டின் மேல் சில நொடி ஒற்றிவைத்து, கரையவிட்டு எடுக்க வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து வருகிற மஞ்சள் இதற்கு நேர் எதிர். நலங்கு, மஞ்சள் நீராட்டு என்று போய்வந்த லென்ஸில் தண்ணீர் போட்டுத் துடைத்தால் மஞ்சள் பரவுமே தவிரப் போகாது. ஸ்பிரிட்டில் சட்டென்று கரையும். சமையலறையில் மஞ்சள் கறையோடு மல்லுக்கட்டிய யாருக்கும் இது தெரியும், லென்ஸ் என்று வந்தால் மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஹோமப்புகை வேறு. நெய்யும் கரியும் சேர்ந்த புகை ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாக உட்காரும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது, டிஷ்யூவில் பழுப்பாக வரும்போதுதான் தெரியும். நாள் முழுக்க ஹோமகுண்டத்தின் பக்கத்தில் நின்ற ஒரு 24-70 எம்எம் லென்ஸுக்கு மூன்று நான்கு டிஷ்யூ ஆகும். விபூதி சாம்பல்தானே என்று நினைக்கக்கூடாது, அதை ஊதித்தான் எடுக்க வேண்டும், விரல் படவே கூடாது. கொரோனா காலத்தில் சானிடைசர் போட்டுத் துடைத்த லென்ஸ்கள் நிறைய வந்தன. அதில் ஆல்கஹால் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கை வறளாமல் இருக்கக் கிளிசரினும் இருக்கிறது. அது காயாமல் கண்ணாடி மேலேயே தங்கிவிடும். வீட்டு ஜன்னல் துடைக்கும் நீல நிறத் திரவம், நகப்பூச்சு எடுக்கும் அசிட்டோன் இரண்டும் வேண்டவே வேண்டாம். அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கரைத்துவிடும், லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் எழுத்தே போய்விடும்.

இப்போது நான் செய்கிற முறை இதுதான். லென்ஸைத் தலைகீழாக, கண்ணாடி தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ரப்பர் ப்ளோயரால் பத்துப் பதினைந்து முறை ஊதுவேன். தூசி கீழே விழட்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், டப்பாவில் அடைத்து வரும் காற்றைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கிற திரவமே கண்ணாடியில் பீய்ச்சும். அப்புறம் மெல்லிய பிரஷ். பிரஷ்ஷின் மயிரை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அந்த விரல் எண்ணெய்தான் அடுத்து கண்ணாடிக்குப் போகும். பிறகு மறுபடி டார்ச். பாதி லென்ஸ்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். கைரேகையோ படலமோ இருந்தால் மட்டும் லென்ஸ் டிஷ்யூவில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒன்றிரண்டு சொட்டு. சொட்டை டிஷ்யூவில் விட வேண்டும், கண்ணாடியில் விடவே கூடாது. விட்டால் அது விளிம்பு வளையத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும், அப்புறம் லென்ஸைக் கழற்றாமல் எடுக்க முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, டிஷ்யூவைச் சுருட்டிக்கொண்டே, ஒரு முகம் ஒரு முறைதான். அழுத்தம் என்று எதுவும் இல்லை, டிஷ்யூவின் கனமே போதும். மைக்ரோஃபைபர் துணியும் நல்லதுதான், துவைத்து டப்பாவில் மூடி வைத்திருந்தால். பாக்கெட்டில் சாவியோடு கிடந்த துணி என்றால், அது என் 85 எம்எம் கதைதான்.

இவ்வளவு பத்திரம் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கோட்டிங்குக்காகத்தான். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். தனித்தனியாக ஐந்து கண்ணாடி இருக்கும் ஒரு லென்ஸில் பத்துப் பக்கம். மூன்றில் ஒரு பங்கு ஒளி அப்படியே போச்சு, போனதோடு நிற்காமல் உள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளுக்கவும் வைக்கும். ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-ல் இதற்கு வழி கண்டுபிடித்தார். கண்ணாடி மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்றை ஏற்றினால் திரும்பும் ஒளி வெகுவாகக் குறைகிறது. மெக்னீசியம் ஃபுளோரைடு பூச்சு என்றால் சுமார் 100 நானோமீட்டர் தடிமன், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் 500-ல் ஒரு பங்கு அளவு. இன்றைய லென்ஸ்களில் இப்படிப் பல அடுக்கு. லென்ஸைச் சாய்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அதுதான். நாம் துடைக்கிறது கண்ணாடியை இல்லை, அந்தப் பூச்சை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கை தானாகவே மெதுவாகிவிடும்.

முன்கண்ணாடியில் ஒரு புள்ளி இருந்தால் பதறுகிறவர்கள் பின்கண்ணாடியைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது ஒரு முகூர்த்த நாளில் உறைத்தது. ஒரு போட்டோகிராஃபர் மதியமே கடைக்கு வந்துவிட்டார், பட்டு வேட்டி கூட மாற்றவில்லை. "லென்ஸ் சாஃப்ட்டா இருக்குண்ணே, காலைல இருந்து எல்லாமே இப்படித்தான்" என்று கேமராவை நீட்டினார். தாலி கட்டும் படங்கள். குத்துவிளக்கின் ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் பனி மூட்டம், பெண்ணின் முகத்தில் கறுப்பு கறுப்பாகவே இல்லை, எல்லாம் சாம்பல். முன்கண்ணாடி கண்ணாடி மாதிரி சுத்தம். கழற்றித் திருப்பினேன். பின்கண்ணாடியில் அரைக் கட்டைவிரல் ரேகை, எண்ணெயோடு.

துடைக்க இரண்டு நிமிடம். டியூப்லைட்டைப் பார்த்து ஒரு படம் எடுத்தோம், பளிச்சென்று இருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது. அந்த விரல் மண்டபத்தில் லென்ஸ் மாற்றும்போது பட்டதா, காலையில் எங்கள் கடையிலிருந்து போகும்போதே இருந்ததா? நோட்டைப் புரட்டினேன். முன்பக்கம் சுத்தம் என்று என் கையெழுத்தில் இருந்தது. பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவசரத்தில் நான் பார்க்கவே இல்லை. வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம், அதில் என்ன ஆறுதல். அன்றிலிருந்து நோட்டில் முன், பின் என்று இரண்டு கட்டம், இரண்டுக்கும் கையெழுத்து.

முன்கண்ணாடியில் சின்னக் கீறலோ புள்ளியோ இருப்பது பெரும்பாலும் படத்தில் தெரியாது. நம்பாதவர்களுக்கு நான் ஒரு துணுக்குக் காகிதத்தை முன்னால் ஒட்டி, அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, அகலமாகத் திறந்து வைத்து எடுத்துக் காட்டுவேன், எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். வைடு லென்ஸில், அந்தத் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி, சூரியனைப் பார்த்து எடுத்தால் தெரியும். பின்கண்ணாடி சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே இருக்கிற அழுக்குக்கு வலு அதிகம். அதனால் லென்ஸ் கேமராவில் பொருந்தும் மவுண்ட்டில் கை வைக்கிற நேரத்தில்தான் பயம் வேண்டும்.

இதெல்லாம் வெளி அழுக்கு. உள்ளே வருவது ஃபங்கஸ் என்கிற பூஞ்சை, அதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் லென்ஸை வைக்கிற இடம். போன ஆடியில் கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர், இப்போது மூடிவிட்டார். பழைய 50 எம்எம் ஒன்றைத் தோல் உறையோடு கொண்டுவந்திருந்தார். "எவ்வளவு துடைச்சாலும் போகல தம்பி, நூலாம்படை மாதிரி இருக்கு." டார்ச் அடித்தேன். உள்கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேர் விட்டதுபோலக் கிளை கிளையாக வெள்ளை. உள்ளே இருக்கிறதை வெளியே துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், வெளிக்கண்ணாடியில் கோட்டிங் தேய்ந்து தெரிந்தது.

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். ஈரம் அண்டக்கூடாது என்று யாரோ சொல்ல, தோல் உறையோடு அரிசி டிரம்மில் போட்டு வைத்திருந்தாராம். நல்ல எண்ணம்தான். ஆனால் தோலே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அரிசியில் இருக்கிற மாவு பூஞ்சைக்குச் சாப்பாடு. காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் ஃபங்கஸ் வளரும். நம் ஊர் மழைக்காலத்தில் அது சர்வ சாதாரணம். 40-லிருந்து 50-க்குள் வைத்தால் லென்ஸ் பத்திரம், ரொம்பவும் காயவைத்தால் உள்ளே இருக்கிற கிரீஸும் வறண்டுவிடும்.

எங்கள் சர்வீஸ் மாஸ்டர் லென்ஸைப் பிரித்தார். ஃபங்கஸ் போய்விட்டது, ஆனால் அது இருந்த இடத்தில் அதன் தடம் மட்டும் பொறித்தாற்போல நின்றது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரித்துவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் லென்ஸை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். "இதுலதான் என் மக பொறந்தப்ப எடுத்தேன்" என்றார். அப்புறம், "இனிமே இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார்.

டிரை கேபினெட் எல்லாம் அவருக்கு அதிகம். இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி இரண்டு பை, ஈரப்பதம் காட்டும் சின்ன முள் மீட்டர் ஒன்று, இவ்வளவும் சில நூறு ரூபாயில் முடிந்தது. நீல மணி ரோஸ் நிறமானால் வாணலியில் சிறுதீயில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள், அந்த வாணலியில் சமைக்க வேண்டாம், தோல் உறையைத் தனியாக வையுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள் என்றும் எழுதினேன்.

ஐப்பசி அடைமழையில், கடையில் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் போன் செய்தார். எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தம்பி, முள்ளு நாப்பத்தஞ்சுல நிக்குது."