திம்பத்தில் போன எஞ்சின், சத்தியில் விழாத கியர்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

எஞ்சின் மாற்றிய என் மாருதி ஆம்னி வேன் இன்று மாலை சத்தியமங்கலத்துக்குத் திரும்பியது. 2003 மாடல். போன மாதம் தாளவாடியில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் ஏற்றிப் போகும்போது, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். முகூர்த்தத்தை நினைத்து மேலே வரை ஓட்டினேன், எஞ்சின் இறுகிவிட்டது.

புதிதாக வந்திருப்பதும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர்தான். விபத்தில் நசுங்கிய இன்னொரு ஆம்னியிலிருந்து கழற்றியது. சத்தம் நன்றாகவே இருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் கர்ரென்று கத்துகிறது. மாட்டிக்கொடுத்தவர், "கிளட்ச் பிளேட் புதுசு, நாலு நாளில் பழகிவிடும்" என்றார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பழகவில்லை. இன்று முதல் கியரும் அடம்பிடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல விழுகின்றன. ஓடும்போது இரண்டு, மூன்று, நான்கில் குறையில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் கியர் பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள். பழைய பாக்ஸ் ஒன்றுக்கு விலைகூடக் கேட்டுவிட்டேன். மனைவிதான் குறுக்கிட்டாள்: "திம்பம் ஏறுகிறவரை இதே கியர் பாக்ஸ் ஒழுங்காகத்தானே இருந்தது?" பதில் இல்லை. மாறியது எஞ்சின்தானே.

ஆகஸ்ட் 14, புதன், இரவு

கிளட்ச் கேபிள் நட்டை இரண்டு சுற்று இறுக்கினேன். காலையில் தேவலாம்போல இருந்தது. மதியத்துக்குள் பழைய கதை.

பெடலை முழுதாக மிதித்து, பத்து எண்ணி, அப்புறம் ரிவர்ஸ் போட்டேன். அப்போதும் கத்தியது. ரிவர்ஸுக்கு, வேகத்தைச் சமன்செய்து கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் சின்க்ரோ வளையம் கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. கிளட்ச் எஞ்சினை முழுதாகப் பிரித்திருந்தால், எஞ்சினிலிருந்து சுழற்சி வாங்கும் கியர் பாக்ஸின் உள் ஷாஃப்ட் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் நின்றிருக்கும். நிற்கவில்லை.

உறுதிப்படுத்த, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். முதல் கியரில் வைத்து, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தேன். பின்சக்கரங்கள் சுற்றின. கியர் ஆயிலின் இழுப்பில் லேசாகச் சுற்றுவது சகஜம் என்பதால் ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்தேன். சக்கரம் நிற்காமல் எஞ்சின்தான் திணறியது. பெடலை மிதித்தும் எஞ்சின் அந்த ஷாஃப்ட்டை இழுக்கிறது என்று அர்த்தம்.

கியர் ஆயிலையும் இறக்கிப் பார்த்தேன். கறுப்பு, ஆனால் பித்தளைத் தூள் மின்னவில்லை. சின்க்ரோ வளையங்கள் தேய்ந்திருந்தால் அது தெரிந்திருக்கும். கியர் பாக்ஸ் வாங்கும் யோசனையை விட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. லேத் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பன் வந்தான். கேபிள்கள், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் எல்லாம் கழற்றி மதியம் பாக்ஸை இறக்கினோம். நெஞ்சின்மேல் இறங்கிவிடுமோ என்று ஒரு கணம் பயந்தது உண்மை.

கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருப்பார்கள் என்று நண்பன் பந்தயம் கட்டியிருந்தான். தோற்றான், சரியாகத்தான் இருந்தது. எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் நடுவில், உள் ஷாஃப்ட்டின் நுனி உட்காரும் பைலட் பேரிங்கில் விரலை விட்டுத் திருப்பினான். அசையவே இல்லை. வறண்டு பிடித்திருந்தது. எஞ்சினோடு சேர்ந்து ஷாஃப்ட்டையும் அதுதான் இழுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறது. பாவம், கிளட்ச் எஞ்சினைப் பிரித்தும் பலனில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவன் ஷாஃப்ட் நுனியை டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. எஞ்சினில் பாக்ஸ் வந்து பொருந்தும் முகத்தைத் தடவினான். டவல் பின் இருக்க வேண்டிய இரண்டு துளைகளும் காலி! கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்த பழைய எஞ்சினைத் திறந்தால், இரண்டு பின்களும் அதிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன.

போல்ட் இறுக்கத்தான், இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது இந்த பின்கள். அவை இல்லாமல் பாக்ஸ் மயிரிழை இறங்கி நின்று, ஷாஃப்ட் பேரிங்கை ஒருபக்கமாக அழுத்தியிருக்கிறது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத இரண்டு இரும்புத் துண்டுகள். எஞ்சின் மாட்டிக்கொடுத்தவர் மேல் வந்த கோபத்தை எழுத இந்த நோட்டில் இடமில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பழைய பின்களை எண்ணெய் விட்டு உருவி, புது எஞ்சினில் தட்டி ஏற்றினோம். புது பைலட் பேரிங். பிளேட்டை நடுவில் நிறுத்த நண்பன் ஒரு பழைய உள் ஷாஃப்ட் கொண்டுவந்தான். பாக்ஸ் கைத்தள்ளலிலேயே கடைசிவரை போய் உட்கார்ந்தது. சிலர் முழுதாக உட்காராத பாக்ஸை போல்ட்டை முறுக்கி இழுத்து உட்காரவைப்பார்கள். பிளேட் வளைவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. பத்து முறை போட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பாட்டி, வண்டியை எடுப்பதா வைப்பதா என்று முடிவு பண்ணு என்றார்.

மூன்றாவது கியரில் மெல்லிய ஊளை ஒன்று கேட்கிறது. முன்பும் இருந்திருக்கலாம், பழைய எஞ்சின் போட்ட சத்தத்தில் யாருக்குக் கேட்டது. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும், ஆர்.சி.யில் இன்னும் பழைய எஞ்சின் எண்தான் இருக்கிறது. ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு வாங்கினேன். ஒன்று வண்டியில், ஒன்று சீட்டுக்குக் கீழே.