அம்மா வீட்டுக் கூரைக்குள் துரு

போன மாதம் அம்மா வீட்டுக் குளியலறைக் கூரையில் சிமெண்டு பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. சிங்கப்பூரில் 1980களில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக். ஈரமும் காற்றும் உள்ளே இறங்கினால் கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டையே தள்ளிவிடும். 2007ல் அறிவித்த இல்ல மேம்பாட்டுத் திட்டம் இதற்குத்தான், ஆனால் புளோக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால்தான் வேலை நடக்கும். கூரைப் பழுது, கழிவுநீர்க் குழாய் போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குக் குடிமக்கள் காசு கட்ட வேண்டாம். அப்புறம் ஆதரித்து வாக்களிக்கச் சிலருக்கு ஏன் தயக்கம்? தூசி, சத்தம், பல நாள் கழிவறை இல்லாத அவஸ்தை. முதியவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். எதிர்வீட்டுப் பாட்டியிடம், வேலை நடக்கும் நாட்களில் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.