ஒரே மழைக்கு எத்தனை தாள்கள்

இலங்கை மலையகத்துத் தொண்டு நிறுவனமொன்றில் எழுத்து வேலை பார்ப்பவருக்கு ஆண்டின் பெரும்பகுதி மழையைப் பற்றி எழுதுவதிலேயே கழிந்துவிடும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கத்தை நனைத்து ஓய்ந்தால், ஒக்டோபருக்குப் பின் பதுளை, அப்புத்தளை, கொஸ்லாந்தைச் சரிவுகளின் முறை வந்துவிடும். மழை ஒன்றுதான் என்றாலும் அதற்காக நாங்கள் தயாரிக்கும் தாள்கள் பல. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துச் சுவரில் ஒட்டும் அறிவித்தல், மழைமானியை வாசிப்பவருக்கான செய்முறைக் குறிப்பு, மண் ஏன் சரிகிறது என்று சொல்லும் விளக்கம், பிரதேச செயலகத்துக்குப் போகும் அறிக்கை ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது தகவல்தான். அதில் பெரும்பங்கு ஒரே தகவலும்கூட. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் அது வீணாகிவிடுகிறது. பாடசாலையில் கட்டுரை வகைகளைப் பொருளைக் கொண்டு பிரித்துப் படித்தவர்கள் நாங்கள். இந்த வேலையிலோ, தாளைப் படித்து முடித்தவர் எழுந்து என்ன செய்யப்போகிறார் என்ற கேள்விதான் வகையைத் தீர்மானிக்கிறது.

அறிவித்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று கட்டங்களாக விடுக்கிறது: விழிப்பாக இருங்கள், வெளியேறத் தயாராகுங்கள், வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதலாவது கட்டம், 100ஐத் தாண்டினால் இரண்டாவது, 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ மூன்றாவது. இந்த எண்கள் உத்தியோகத்தருக்கு உயிர்நாடி. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்து அறையான காம்பராவை விட்டு இறங்க வேண்டிய தாய்க்கு அவற்றால் உடனடிப் பயன் எதுவுமில்லை. அப்படியிருந்தும் நான் பார்த்த அறிவித்தல்களில் மிகப் பல, "நாட்டில் நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக" என்று தொடங்கி, மழையளவைச் சொல்லி, நிறுவனங்களின் பெயர்களை அடுக்கி, எங்கே போய்த் தங்குவது என்பதைக் கடைசி வரியில்தான் சொல்கின்றன. அந்தத் தொடக்கத்தின் மேல் நம் அலுவலகங்களுக்கு அப்படி என்ன பற்றோ தெரியவில்லை. அறிவித்தலில் முதலாவதாக வர வேண்டியது தோட்டத்தின் எந்தப் பிரிவு (டிவிசன்), எந்த லயம் என்பது; அடுத்து என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும்; பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம். காரணத்துக்கு அங்கே இடமில்லை.

இதை மறுப்பவர்கள் உண்டு, அவர்களின் மறுப்பில் நியாயமும் உண்டு. காரணம் தெரியாமல் யாரும் ஆட்டையும் மாட்டையும், வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய சாமான்களையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்கிறார்கள். உண்மைதான். அந்தக் காரணத்தை எப்போது சொல்வது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வேறுபாடு. விளக்கம் வெயில் காலத்துக்கு உரிய எழுத்து. பெப்ரவரியில், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் முற்றத்தில் உட்கார்ந்து வாசித்துப் பேச நேரமிருக்கும்போது அது கையில் கிடைக்க வேண்டும். மண்ணுக்குள் இறங்கும் நீர் மண்ணைப் பாரமாக்குவதோடு, மண்துகள்களுக்கு இடையில் நிறைந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது என்பதையும், கான்கள் (வடிகால்கள்) தூர்ந்தால் வழிந்தோட வேண்டிய நீர் சரிவுக்குள்ளேயே இறங்குகிறது என்பதையும், வீடு கட்ட அடிவாரத்தை வெட்டினால் மேலே உள்ள மண் தாங்கலை இழக்கிறது என்பதையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதாக அது காட்ட வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று ஆகியவை ஏன் அபாய அடையாளங்கள் என்பது அப்போதுதான் மனதில் நிற்கும். விளக்கத்தை வெயிலில் படித்தவருக்கு மழையில் இரண்டு வரி அறிவித்தல் போதும்.

செய்முறைக் குறிப்பின் சிக்கல் வேறு. அதை எழுதுபவர் வேலையை அறிந்தவர். படிப்பவர் கையில் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே வருபவர். மழைமானிக்கான பழைய குறிப்பொன்றில், "அளவை வாசித்த பின் நீரைக் கொட்டவும். கொட்டுவதற்கு முன் அளவைப் பதிவேட்டில் எழுதவும்" என்று இருந்தது. இரண்டு வாக்கியமும் சரியானவை. வரிசையோடு செய்பவரோ இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது நீரைக் கொட்டி முடித்திருப்பார். காலை 8.30க்கு வாசிக்க வேண்டும், கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைக்க வேண்டும், நீர்மட்டம் நடுவில் தாழ்ந்திருக்கும் இடத்தையே பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அதன் பிறகுதான் கொட்ட வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் என்பதற்கு மேல் இதில் இலக்கணம் அதிகமில்லை.

அறிக்கையில்தான் நான் அதிகம் முரண்படுவது. லயங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள், "குடியிருப்புகள் மிகவும் மோசமான நிலையில் காணப்படுகின்றன" என்று எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தை வைத்து ஒரு தகரம்கூட வாங்க முடியாது. 10க்கு 12 அடிக் காம்பராவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், வெடிப்பு எந்தச் சுவரில் எவ்வளவு நீளம், அது போன மழைக்கு முன்பும் இருந்ததா என்பதே அறிக்கை. தான் கண்டது, பிறர் சொன்னது, தான் முடிவு செய்தது ஆகிய மூன்றையும் தனித்தனிப் பந்தியில் வைக்கும்படி புதியவர்களிடம் சொல்வேன். கலந்து எழுதினால், முடிவை ஏற்காத அதிகாரி கண்டதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கைகள் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தன என்பது பின்னர் பரவலாகப் பேசப்பட்டது. வேறு விதமாக எழுதியிருந்தால் அங்கே இறந்தவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல நான் துணியமாட்டேன்; மாற்றுக் காணியும் வீடும் இல்லாதவரிடம் "போ" என்று எழுதுவதில் பொருளில்லை. ஆயினும் அறிக்கை என்பது முடிவெடுப்பவரின் மேசைக்கு எழுதப்படுவது. மேசையில் முடிவு பிறக்காதபோது, அது எவ்வளவு திருத்தமாக எழுதப்பட்டிருந்தாலும், சரிவில் வாழ்பவரின் அறிவாக அது மாறிவிடுவதில்லை.

மழைக்கு வெளியே எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது ஒப்பீடு. ஓய்வுபெறும் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக நல்ல விளக்கங்கள் இருந்தன. ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எனக்கு எது எது வரும், எங்க போய்க் கேக்கணும், அத மட்டும் சொல்லுங்க" என்றார். அதன் பிறகு ஒரே பக்கத்தில் கட்டங்களாகப் போட்டோம். சேமலாப நிதியில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். நம்பிக்கை நிதியில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எதுவும் பிடிக்கப்படுவதில்லை. தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்துகிறார். பணிக்கொடைக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு சேவை வேண்டும். மாதச் சம்பளம் பெறாதவருக்குச் சேவையாற்றிய ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம். ஒப்பீட்டில் கேள்விகள் மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றின் கட்டத்தில் வயதையும் மற்றதன் கட்டத்தில் வரலாற்றையும் எழுதினால் அது ஒப்பீடாகாது. நுண்கடன் துண்டுப்பிரசுரங்கள் சில இதே வடிவத்தைக் கடன் வாங்கி, வாராந்தத் தவணைகளை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் காட்டி, மொத்த வட்டிக்குக் கட்டமே போடாமல் விடுவதையும் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம்.

இப்போது இந்த வகைப்பாட்டையே திருத்த வேண்டியிருக்கிறது. தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுவதைவிட, கோயில் ஒலிபெருக்கியிலும் வட்ஸ்அப் குரல்பதிவிலும் அறிவித்தல் வேகமாகப் போகிறது. காதுக்குப் போகும் அறிவித்தலில் கண் திரும்பிப் போக வரி கிடையாது. ஆகவே லயத்தின் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை சொல்கிறோம்; நீண்ட வாக்கியங்களை வெட்டுகிறோம்; எண்களில் தொலைபேசி இலக்கத்தைத் தவிர மற்றவற்றை எடுத்துவிடுகிறோம். ஒப்பீட்டைக் குரலில் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அந்தத் தாளை இப்போதைக்குத் தோட்டத் தலைவர்கள் கையில்தான் கொடுத்தனுப்புகிறோம்.